மொட்டை மாடியில் நிழல் கணக்கு

அரசாங்கம் வெளியிடும் புள்ளிவிவரம் எதையும் சாதாரணக் குடிமகன் தன் வீட்டிலிருந்தபடி சரிபார்க்க முடியாது. விலைவாசிக் குறியீட்டெண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். மக்கள்தொகைக் கணக்கையும் நம்பித்தான் ஆக வேண்டும். ஒன்றே ஒன்றுக்கு விலக்கு உண்டு. சந்திர கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும், எத்தனை மணிக்கு விடும் என்று அரசு சொல்வதை, மொட்டை மாடியும் கடிகாரமும் உள்ள எவரும் பரிசோதித்துவிடலாம். கையில் ஒரு கேமரா இருந்தால் சாட்சியும் கிடைத்துவிடுகிறது.

அந்த நேரங்களைக் கணக்கிடும் இடம் கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சால்ட் லேக். பெயரிலேயே இருப்பதுபோல அது ஒரு காலத்தில் உப்பேரி. சதுப்பு நிலமாகக் கிடந்ததை 1960-களில் ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி நிரப்பி, நகரத்தின் நெரிசலுக்கு மாற்றாக ஒரு ஊரை எழுப்பினார்கள். திட்டத்துக்கு மூலகாரணரான முதலமைச்சர் பி.சி. ராயின் நினைவாக விதான்நகர் என்று பெயர் வைத்தும், சால்ட் லேக் என்ற பெயர்தான் நிலைத்தது. இன்று அதன் ஐந்தாம் செக்டரை கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பேட்டையாகத்தான் ஊர் அறியும். அதே செக்டரில்தான் இந்திய வானிலைத் துறையின் ஓர் அங்கமான பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டரும் இருக்கிறது. சூரியன், சந்திரன், கிரகங்கள், முக்கிய நட்சத்திரங்கள் எந்த நாளில் வானில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அச்சிடுவது அதன் வேலை. 'இந்தியன் அஸ்ட்ரானமிக்கல் எஃபெமெரிஸ்' என்ற தடித்த ஆண்டு நூலும், தமிழ் உட்பட 14 மொழிகளில் வரும் 'ராஷ்ட்ரீய பஞ்சாங்க'மும் அதன் தயாரிப்புகள். கிரகணத்துக்குச் சில நாட்கள் முன்பு பத்திரிகைகளில் வரும் அரசு அறிவிப்புக்கும் மூலம் அதன் கணக்குதான்.

இந்த அலுவலகம் உருவானதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானியின் பொறுமையின்மை இருக்கிறது. நட்சத்திரங்களின் ஒளியை வைத்து அவற்றின் வெப்பத்தைச் சொல்லும் சமன்பாட்டைத் தந்த மேக்நாத் சாஹாவுக்கு, சுதந்திர இந்தியாவில் 30-க்கு மேல் வேண்டாம், மூன்று காலண்டர்கள் புழங்குவதே அதிகம் என்று தோன்றியிருக்கும். உண்மையில் ஏறக்குறைய 30 புழங்கின. 1952-ல் அமைக்கப்பட்ட காலண்டர் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1955-ல் அறிக்கை வந்தது. அதையொட்டி அன்றைய கல்கத்தாவில் தொடங்கிய ஒரு சிறு பிரிவுதான் 1979 டிசம்பரில் தனி மையமாயிற்று. சாஹா 1956-லேயே இறந்துவிட்டார். அவர் நிறுவிய அணு இயற்பியல் நிலையம் அவர் பெயரைத் தாங்கி இன்று அதே சால்ட் லேக்கில் இருக்கிறது. குழுவின் செயலாளராக இருந்த என்.சி. லாஹிரியைத் தமிழ்நாட்டு ஜோதிடர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜாதகம் போடும் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் 'லாஹிரி அயனாம்சம்' என்று வருகிறதே, அந்த லாஹிரிதான். ஜோதிடத்தைச் சாடிய சாஹாவின் குழு, ஜோதிடர்கள் தினமும் கையாளும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனது.

கிரகணங்களில் சந்திர கிரகணத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. சூரிய கிரகணம் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் பிடிக்கும். ஓர் ஊரில் முழுதாக, பக்கத்து மாநிலத்தில் அரைகுறையாகத் தெரியும். சந்திர கிரகணம் நடக்கும் இடமே நிலா. பூமியின் நிழல் அதன் விளிம்பைத் தொடுவது, நிலா கண்ணுக்குத் தெரியும் எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில்தான் தெரியும். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு 9.57-க்கு நிழல் தொட்டது. சால்ட் லேக்கிலும் சைதாப்பேட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் கடிகாரம் அதே நேரத்தைத்தான் காட்டியது. 11.01-க்கு நிலா முழுதும் நிழலுக்குள் போய், 12.23 வரை, 82 நிமிடம் உள்ளேயே இருந்தது. சால்ட் லேக்கின் கணக்கில் அந்த நடுநிசி நேரத்தில் நிலா நேர் தெற்கே, 60 டிகிரிக்குச் சற்று மேலே. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்காத உயரம். மறைப்பதற்கு இருந்தது மேகம் ஒன்றுதான். வங்காளத்தில் செப்டம்பர் முதல் வாரம் மழைக்காலம்.

கிரகணத்தைக் கணக்குக்கு உரைகல்லாக வைக்கும் வழக்கம் சாஹாவுக்கு வெகு காலம் முந்தையது. அதன் சுவையான அத்தியாயங்களில் ஒன்று பாண்டிச்சேரியில் நடந்தது. சூரியனைச் சுக்கிரன் கடக்கும் அரிய காட்சியைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் 1768-ல் அங்கே இறங்கினார். 1761-ல் நடந்த கடப்பின்போது நடுக்கடலில் கப்பலில் மாட்டிக்கொண்டு கணக்கெடுக்க முடியாமல் போனவர், எட்டு வருடம் காத்திருந்தார். 1769 ஜூனில் அந்தக் காலை வந்தது, மேகமும் வந்தது. கடப்பு முடிந்தபின் வானம் வெளுத்தது. ஒரு கிரகணத்துக்கு மேகம் மூடிவிட்டதே என்று மாடியில் நின்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

பாண்டிச்சேரியில் இருந்த காலத்தில் லெ ஜென்டில், உள்ளூர்த் தமிழர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, எதையும் எழுதாமல், மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு முக்கால் மணி நேரத்தில் சந்திர கிரகணத்தைக் கணித்துவிடுவதைப் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்து முடிந்த ஒரு கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். கிரகணம் நீடித்த நேரம் தமிழர் கணக்கில் 41 விநாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் 68 விநாடி கூடியது. இந்தக் கதை மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது.

சொல்லப்படாத பாதியும் இருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த ஜான் வாரன், பின்னாளில் பாண்டிச்சேரியில் அதே வகைக் கணிதர் ஒருவரைக் கண்டு, அவர் முறையை விவரமாக எழுதி வைத்தார். அவரும் சோழிக்காரர்தான், வாக்கியங்களாக மனப்பாடம் செய்த எண்கள்தான் அவருக்கும் மூலதனம். 1825 மே 31, ஜூன் 1 இரவின் கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரங்களில் தொடக்கம் 4 நிமிடம் தவறியது. நடு 23 நிமிடம். முடிவு 52 நிமிடம். நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத வாய்பாடு, காகிதமே இல்லாமல், இந்த அளவுக்கு நெருங்கி வருவது வியப்புதான். ஆனாலும் 52 நிமிடம் என்பது 52 நிமிடம். 41 விநாடியை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் அந்தக் கணிதருக்கும் நியாயம் செய்யவில்லை. அவர் ஏன் தவறினார் என்று கேட்டவர்களுக்கும் நியாயம் செய்யவில்லை.

கேட்டவர்கள் இருந்தார்கள். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி 19-ஆம் நூற்றாண்டிலேயே, வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று போராடினார். வாக்கியம், திருக்கணிதம் என்று தமிழ்நாட்டில் இன்றும் இருக்கும் இரு கட்சிகளுக்கு அந்த விவாதத்தில் வேர் உண்டு. வங்காளத்திலும் இதே கதைதான். குப்தா பிரஸ் பஞ்ஜிகா பழைய வழி. 1890-ல் தொடங்கிய விசுத்த சித்தாந்த பஞ்ஜிகா திருத்திய வழி. துர்கா பூஜையின் நாழிகைகளில் இரண்டுக்கும் சில வருடங்கள் ஒத்துவராமல் போகும். திதியிலும் நட்சத்திரத்திலும் பிடிவாதமாக இருக்கும் பழைய வழிப் பஞ்சாங்கக்காரர்களில் பலர், கிரகண நேரத்துக்கு மட்டும் சத்தமில்லாமல் நவீனக் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். காரணம் எளியது. திதி எப்போது மாறியது என்று யாரும் நிமிர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. கிரகணம் அப்படியல்ல, தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்.

பார்ப்பதற்கு எதுவும் தேவையில்லை என்பதை இன்னமும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1995 அக்டோபர் 24-ன் சூரிய கிரகணம் வங்காளத்தில் டயமண்ட் ஹார்பர் வழியாகப் போனபோது கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று எச்சரித்தது சரியான எச்சரிக்கை. அந்தப் பயத்தைச் சந்திரனுக்கும் நீட்டிவிட்டார்கள். சந்திர கிரகணம் சாதாரணப் பௌர்ணமியைவிட மங்கலானது. கண்ணைக் கூசக்கூடச் செய்யாது. ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போட வேண்டுமா, சால்ட் லேக் வீடுகளில் செய்வதுபோல துளசி இலை போட வேண்டுமா என்பது அவரவர் வீட்டுப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். போட்டுவிட்டு மாடிக்கு ஏறலாம்.

நகரவாசிகளுக்கு இன்னொரு ஆறுதல். நட்சத்திரங்களையும் வால்நட்சத்திரங்களையும் விழுங்கிவிடும் தெருவிளக்கு வெளிச்சம் கிரகணத்தை ஒன்றும் செய்வதில்லை. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தாலும் நிலா தெரியும். முழு மறைப்பின் நடுவில், ஈரமும் புகையும் கலந்த கொல்கத்தா வானில் அது கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

மாடியில் நிற்பவர் முதலில் கவனிப்பது, அறிவித்த நிமிடத்தில் எதுவும் நடக்காததுபோல் தோன்றுவது. நிலவின் இடது ஓரம் சற்று அழுக்கானதுபோல இருக்கும். நிழல் தொட்டுவிட்டதா, இன்னும் இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் சந்தேகம் தீரும். கண்ணின் குறை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. பூமிக்குக் காற்று மண்டலம் இருப்பதால் அதன் நிழலுக்குக் கூரான விளிம்பே கிடையாது. பூமியின் அளவை மட்டும் வைத்துப் போடும் கணக்கைவிட நிழல் ஏறக்குறைய இரண்டு சதவீதம் பெரிதாக இருக்கிறது என்பது பல நூற்றாண்டுக் கவனிப்பில் தெரிந்தது. நிலவின் ஒவ்வொரு பள்ளத்தையும் நிழல் எந்த விநாடியில் கடக்கிறது என்று குறித்து அனுப்பிய அமெச்சூர்களுக்கு இதில் பங்குண்டு. நிழலைச் சரியாக எவ்வளவு பெரிதாக்குவது என்பதில் கணக்கிடுபவர்களிடையே இரண்டு மரபுகள் இன்றும் இருக்கின்றன. அதனால்தான் 2023 அக்டோபர் 28-29 நள்ளிரவின் சிறிய பகுதிக் கிரகணத்துக்கு இந்திய அறிவிப்பு 1.05 முதல் 2.24 வரை, 79 நிமிடம் என்றது. நாசா பட்டியல் 77 நிமிடம் என்றது. இரண்டும் தப்பில்லை. கோடு எங்கே கிழிப்பது என்பதுதான் வித்தியாசம்.

இனி கேமரா. வருத்தமான செய்தியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நிலா படத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிட மிகச் சிறிதாக விழும். லென்ஸின் குவிய தூரத்தை 110-ஆல் வகுத்தால் வருவதுதான் பிம்பத்தின் அகலம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 200 மில்லிமீட்டரில் 1.8 மில்லிமீட்டர். 500 இருந்தால் நாலரை. அப்போதுதான் பள்ளங்களும் மேடுகளும் முகம் காட்டத் தொடங்கும். செல்போனின் சாதாரண லென்ஸில் நிலா ஒரு வெள்ளைப் பொட்டு. ஆனால் அதே செல்போனை ஒரு பைனாகுலரின் கண்வில்லையோடு ஒட்டிப் பிடித்து, நிலாவின் மேல் விரலை வைத்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை நன்றாகக் கீழே இறக்கினால், பார்ப்பவர்கள் எந்தக் கேமரா என்று கேட்கும் படம் கிடைக்கும். பைனாகுலர் அசையக் கூடாது. மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே அதைப் புதைப்பது டிரைபாடுக்கு நல்ல மாற்று.

பௌர்ணமி நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. எனவே அதற்கு வெயில் நேரத்து எக்ஸ்போஷர்தான்: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/250 விநாடி அளவில் போதும். இரவாயிற்றே என்று கேமரா தானாகவே அதிகம் திறந்துகொள்வதால்தான் பலர் எடுத்த நிலா ஒரு பல்பாக முடிகிறது. பாதி மறைந்தபோதும் மிச்ச வெளிச்சப் பகுதிக்கு அதே அளவுதான் ஏறக்குறைய பொருந்தும். முழுதும் மறைந்த பிறகு நிலைமை தலைகீழ். நிலா பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே மங்கிவிடுகிறது. எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் இரண்டு முதல் நான்கு விநாடி தேவைப்படும். அங்கே ஒரு சிக்கல்: பூமி சும்மா இருப்பதில்லை. நாலு விநாடியில் நிலா தன் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். சிறிய லென்ஸில் இது தெரியாது. 200 மில்லிமீட்டரிலேயே விளிம்பு கலங்கிவிடும். ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றி ஒரு விநாடிக்குள் முடிப்பது நல்லது. கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை.

கொல்கத்தாவுக்கென்றே, சென்னைக்கும் பொருந்தும்படி, ஒரு குறிப்பு. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸில் பனி படர்ந்துவிடும். துடைத்தால் மீண்டும் படரும். ஒரு மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிட வேண்டும். டிரைபாட் நிற்கும் மாடியில் குழந்தைகள் ஓடினால் படத்திலும் நிலா ஓடும். ஷட்டர் பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமரில் விட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், அன்று மாலையே கேமராவின் கடிகாரத்தைச் செல்போன் நேரத்தோடு விநாடி சுத்தமாகச் சரிசெய்துகொள்வது. பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. நேரம் குறித்த படத்தை வைத்து ஒரு கணக்கைச் சோதிக்கலாம். நேரம் குறிக்காத படத்தை நண்பர்களுக்கு அனுப்பலாம்.

கணக்கு என்றால் நேரம் மட்டும் இல்லை. நிலவில் பாதி மறைந்திருக்கும்போது எடுத்த ஒரு தெளிவான படம், சமையலறைத் தட்டு ஒன்று, இந்த இரண்டையும் கொண்டு நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். கிரேக்கர்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு படமே இல்லாமல் செய்தது. படத்தை, நிலவின் அகலம் 10 சென்டிமீட்டர் வரும்படி பெரிதாக அச்செடுத்துக்கொள்ள வேண்டும். நிழலின் விளிம்பு ஒரு வளைவாக இருக்கும். வீட்டிலிருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எதன் விளிம்பு அந்த வளைவோடு பொருந்துகிறது என்று தேட வேண்டும். டீ ஸாஸர் பொருந்தாது. சாப்பாட்டுத் தட்டு, 26 அல்லது 27 சென்டிமீட்டர் அகலமுள்ளது, பொருந்தும். அதாவது பூமியின் நிழல் நிலவைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு.

பூமியே 2.7 மடங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிழல் போகப் போகக் குறுகும். எவ்வளவு குறுகும்? சூரிய கிரகணம் அதைச் சொல்லித் தருகிறது. அப்போது நிலவின் நிழல் பூமியை எட்டுவதற்குள் கிட்டத்தட்ட ஒரு புள்ளியாகிவிடுகிறது. அந்தத் தூரத்தில் நிழல் ஒரு நிலா அகலத்தை இழக்கிறது. பூமியின் நிழலும் அதே தூரத்தைத்தான் கடந்து வருகிறது, அதே அளவைத்தான் இழந்திருக்கும். எனவே இழந்த ஒன்றைக் கூட்டினால் பூமி நிலவைப்போல் 3.7 மடங்கு. பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். 3.7-ஆல் வகுத்தால் நிலவின் விட்டம் 3,444. உண்மை விட்டம் 3,474. ஒரு பொருள் நிலவைச் சரியாக மறைக்க வேண்டுமானால் அதன் அகலத்தைப்போல் 110 மடங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தையும் அளவு நாடாவையும் வைத்து எந்தப் பௌர்ணமியிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே நிலாவின் தூரம் 3,444-ஐ 110-ஆல் பெருக்கினால் கிடைப்பது: ஏறக்குறைய 3,79,000 கிலோமீட்டர். பாடப்புத்தகம் சொல்லும் சராசரித் தூரம் 3,84,400. எவர்சில்வர் தட்டுக்கு இது மோசமில்லை. தட்டின் தேர்வில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் விடை பத்தாயிரம் கிலோமீட்டர் நகரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று நான்கு படங்களில் அளந்து சராசரி எடுப்பது புத்திசாலித்தனம்.

படத்தில் நம்பக் கூடாத ஒன்று நிறம். முழு மறைப்பில் நிலா ஏன் சிவக்கிறது என்பது பள்ளிப் பாடம்: பூமியின் விளிம்பில் அந்த நேரத்தில் இருக்கும் எல்லாச் சூரிய உதயங்களின், அஸ்தமனங்களின் வெளிச்சம் காற்றில் வளைந்து நிலவின் மேல் விழுகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடும். ஆனால் ஒவ்வொரு கிரகணமும் ஒரே சிவப்பாக இருப்பதில்லை. செங்கல் நிறமா, செம்பு நிறமா, காப்பி டிகாக்ஷனா என்பது அந்த வாரத்தில் பூமியின் காற்று எவ்வளவு சுத்தம் என்பதைப் பொறுத்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை கக்கிய தூசியும் அமிலப் புகையும் வானில் மிதந்துகொண்டிருந்ததால் 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா கிட்டத்தட்டக் காணாமலே போனது. பிரெஞ்சுக்காரர் டான்ஜோன் வகுத்த பூஜ்யம் முதல் நான்கு வரையிலான அளவுகோல் இதற்காகத்தான். கறுப்புக்குப் பூஜ்யம், பளிச்சென்ற செம்புக்கு நான்கு. மதிப்பெண் போட வேண்டியது வெறும் கண். கேமரா தன்னிஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக்கொள்ளும். அதன் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்திவைத்தால் ஓரளவு யோக்கியமாக நடந்துகொள்ளும். முழு மறைப்பு தொடங்கும், முடியும் தறுவாய்களில் நிழலின் விளிம்பில் மெல்லிய நீலப் பச்சை ஒன்று ஓடும். அது ஓசோன் படலம் சிவப்பை உறிஞ்சியதன் அடையாளம். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

சால்ட் லேக் மாடிகளுக்கு வாய்ப்பு எப்போதும் சுலபமாக அமைவதில்லை. 2018 ஜூலை 27-28 இரவின் கிரகணத்தில் முழு மறைப்பு மட்டும் 103 நிமிடம்; இந்த நூற்றாண்டிலேயே நீண்டது அதுதான், ஆனால் வந்தது நடு மழைக்காலத்தில். 2022 நவம்பர் 8-ல் வேறு விதமான சோதனை. அன்று கொல்கத்தாவில் நிலா உதிக்கும்போதே முழுதாக மறைந்திருக்கும் என்றும், உதித்த 20-வது நிமிடத்தில் முழு மறைப்பு முடியும் என்றும், இன்னும் ஒரு மணி ஏழு நிமிடத்தில் நிழல் விலகிவிடும் என்றும் கணக்கு. சென்னைக்கு முழு மறைப்பே கிடையாது. உதயத்துக்குப் பின் 40 நிமிடப் பகுதி மறைப்புதான். கிழக்கே போகப் போக லாபம் என்ற வகையில் கொல்கத்தா கொடுத்துவைத்தது. ஆனால் அந்த 20 நிமிடமும் சூரியன் மறையும் வேளை. வெளுத்த கிழக்கு வானத்தில், அடிவானத்தை ஒட்டி, மங்கிய ஒரு நிலாவை ஐந்தாம் செக்டர் கட்டடங்களின் தோளுக்கு மேல் தேட வேண்டும். இம்மாதிரி நாட்களில் முகவரி முக்கியம். கிழக்கே திறந்த மாடிக்குப் போய் நிற்பவருக்குக் கிடைப்பது, நாலு தெரு தள்ளியிருப்பவருக்குக் கிடைக்காது.

தொடக்கம் முதல் கடைசி வரை இந்தியா முழுதும் பார்க்கக்கூடிய அடுத்த முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31. இரவு 8.37 சுமாருக்குப் பிடிக்கிறது, 9.46 முதல் 10.57 வரை முழு மறைப்பு. புத்தாண்டு பிறந்து ஐந்தாறு நிமிடத்தில் விடுகிறது. மழைக்காலம் இல்லை. கடக ரேகையை ஒட்டிய கொல்கத்தாவில் டிசம்பர் பௌர்ணமி ஏறக்குறைய நடு உச்சியில் ஏறி நிற்கும் என்பதால் எந்தக் கட்டடமும் குறுக்கே வராது. பால்கனியிலிருந்து தெரியாது, மாடிக்குத்தான் போக வேண்டும். சாதாரண டிரைபாடுகள் பலவற்றின் தலை செங்குத்தாக மேலே திரும்பாது. அதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கழுத்து மூன்றரை மணி நேரம் தாங்காது, பாய் விரித்துப் படுத்துவிடலாம். கொல்கத்தாக்காரர்கள் குளிர் காலத்தில் தலையிலிருந்து இறக்காத அந்தக் குரங்குக் குல்லாயும் அன்று வேண்டியிருக்கும்.